அம்மா ஏறாத கார்

போன வருடம் ஏப்ரலில் அம்மா மதுரையிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்தார். அப்பா போன பிறகு அவர் தனியாக வரும் முதல் பயணம். நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டனில். மனைவிக்குப் பெரும்பாலான ஞாயிறுகளில் ஆஸ்பத்திரி டியூட்டி. வேன் அவளோடு போய்விடும். அதனால் நோவை பாலாஜி கோவிலுக்கு அம்மாவையும் மகளையும் என் காரில்தான் கூட்டிப் போவேன்.

என் கார் 2003-ஆம் வருடத்து பி.எம்.டபிள்யூ 330ஐ. மூன்று லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர், கையால் கியர் மாற்றும் வண்டி. ஆபீஸில் நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு, கையால் தொட்டுத் திருகி ரிப்பேர் பண்ண ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் தோட்டம் போடுவார்கள். நான் காருக்கு அடியில் படுப்பேன்.

இருபது வருடத்து ரப்பர் எந்தக் காரிலும் தளர்ந்துதான் போகும். பிரேக் போட்டால் ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. வளைவில் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் பின்பக்கம் ஒரு நெளி நெளிந்தது. காரணம் சஸ்பென்ஷன் புஷ்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுகிக்கொடுத்து அதிர்ச்சியையும் விழுங்கிக்கொள்ளும்.

இதற்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ் போடுவது கார் பைத்தியங்களின் வழக்கம். 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பொருள் இது. ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் சஸ்பென்ஷன் ரப்பர் சுமார் 50 முதல் 70 வரை இருக்கும். நான் வாங்கியது 90-ஐ ஒட்டியது. நசுங்காது, எண்ணெய் பட்டாலும் சீக்கிரம் கெடாது. ஸ்டீயரிங் திருப்பினால் கார் உடனே கேட்கும்.

மே மாத நீண்ட வார இறுதியில் காரை ஸ்டாண்டில் ஏற்றினேன். வாடகைக்கு எடுத்த புஷ் பிரஸ்ஸை வைத்துப் பழைய ரப்பரைத் தள்ளி எடுப்பதிலேயே முதல் நாள் போய்விட்டது. மகள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். அம்மா டீயைக் கராஜ் படியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ரப்பர்னா மெத்துனு இருக்குமேடா. அதை ஏன் கழட்டுறே?"

நான் அழுக்குக் கையோடு அஞ்சு நிமிஷம் பாடம் எடுத்தேன். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. நாலையும் மாற்றி, வீல் அலைன்மெண்ட் முடித்து ஓட்டியபோது கார் புதுசாகிவிட்டது போலிருந்தது. நடுக்கம் இல்லை, நெளிவு இல்லை. சிலிகோன் கிரீஸைக் கஞ்சத்தனமாகப் பூசிவிட்டேன் போல, பின்பக்கம் 'கிறீச்' என்றது. "அப்பா, உங்க கார் பழைய கட்டில் மாதிரி கத்துது" என்றாள் மகள். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூனிலிருந்து அம்மா கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிறு, "அசதியா இருக்கு, நீங்க போயிட்டு வாங்கப்பா." அடுத்த ஞாயிறு, "சீரியல் பாக்கணும்." அதற்கடுத்த வாரம், "சாமி வீட்லயும்தான் இருக்கு."

எனக்குக் கவலை வந்துவிட்டது. அப்பா நினைப்பு வாட்டுகிறதோ, இந்த ஊர் ஒத்துவரவில்லையோ என்று யோசித்தேன். மதுரையில் இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பினேன். "அம்மாவைச் சீக்கிரமே அனுப்பிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டு, டிக்கெட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

விஷயத்தை உடைத்தது மகள்தான். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"பாட்டிக்குக் கோவிலுக்கு வர ஆசைதான். உங்க கார்தான் இடுப்பை உடைக்குதாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

அம்மாவுக்கு முதுகெலும்புத் தேய்மானம் இருப்பது எனக்குத் தெரியாதது இல்லை. மாத்திரை வாங்கிக் கொடுப்பவனே நான்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா," என்றார் அம்மா, தட்டைப் பார்த்தபடி. "ரெண்டு நாள் அழுக்கோட கிடந்து ஆசையாச் செஞ்சே. எப்படிச் சொல்றது?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மிச்சிகன் சாலைகள் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குளிர்காலத்தில் விரிசலுக்குள் போகும் தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் போல விரியும். உருகும், மறுபடி உறையும். வசந்தத்தில் ரோடு முழுக்கப் பள்ளம். அந்தப் பள்ளங்களுக்கும் அம்மாவின் இடுப்புக்கும் நடுவில் இருந்த ரப்பரைத்தான் நான் கழற்றிப் போட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி காருக்கு அடியில். முன்பக்கம் தப்பில்லை. அங்கே புஷ் ஏறக்குறையக் கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் சுற்றுகிறது. அதற்குப் பாலியூரித்தேன் பொருந்தும். பின்பக்கம் அப்படி இல்லை. டிரெய்லிங் ஆர்ம் ஏறி இறங்கும்போதே மற்ற இரண்டு கைகள் அதைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. அதனால் அந்த புஷ் சுற்றவும் வேண்டும், முறுகவும் வேண்டும். ரப்பர் இரண்டையும் செய்யும். கடினமான பாலியூரித்தேன் சுற்றும், ஆனால் முறுக மறுக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் தூக்கிப் பார்த்தேன். பாதி வழியில் இறுகிப் பிடித்துக்கொண்டது. கணக்கிலேயே வராத இன்னொரு ஸ்பிரிங்கை நானே மாட்டி வைத்திருக்கிறேன்!

பின்பக்கத்துக்குப் புது ரப்பர் புஷ் வாங்கிப் போட்டேன். இதைச் செய்யப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய ரப்பரின் இடத்தில் புது ரப்பர் போட்டாலே கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு வந்துவிடும், முதலில் அதைப் பாருங்கள். ரப்பர் புஷ்ஷின் நடு போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. காரின் எடையைத் தாங்கி நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். இந்தக் காரில் பின் புஷ்ஷைத் தாங்கும் பிராக்கெட்டை மூன்று போல்ட்கள் பிடித்திருக்கும். கழற்றும் முன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்படியும் கடைசியில் அலைன்மெண்ட் அவசியம். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் காரில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று யோசியுங்கள். நான் அதைத்தான் யோசிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். ஐ-275-ல் ஒரு பள்ளம் வந்தது. நான் ரோட்டை விட்டுவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தேன்.

"ரோட்டைப் பாருடா," என்றார். கொஞ்சம் கழித்து, "இப்பப் பரவால்ல. டவுன் பஸ்ல கடைசி சீட்லேர்ந்து நடு சீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அக்டோபரில் அம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டார், முதலில் போட்ட டிக்கெட்டிலேயே. வாரம் இரண்டு தடவை பேசுகிறோம். உடம்பு எப்படி என்று கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்கிறார். போனை வைத்ததும் அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.