இடது காலின் பழக்கம்

கடந்த விடுமுறையில் ஏலகிரி ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடக்குமுன் நமது மோட்டார் சைக்கிள் இரண்டாம் கியரிலிருந்து தானே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பின்னால் மனைவி, ஓரத்தில் பள்ளம். அல்லாஹ் காத்தான்.

1,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஆயினும் சந்தேகம், சென்ற மாதம் கிளட்ச் தட்டுகளை மாற்றித் தந்த பட்டறைக்காரர் மீதே விழுந்தது. பழையவற்றையே மாட்டிவிட்டார் என்று மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் நால்வரிடம் சொல்லியும் விட்டோம்.

ஓரிக்கையில் முதிய மெக்கானிக் ஒருவர் ஓட்டிப் பார்த்தார். கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் இரையும், வேகம் கூடாது, கியர் மட்டும் விழுந்த இடத்திலேயே நிற்கும். இங்கோ லிவரே காலை உதைத்துத் திரும்புகிறது. நோய் கியர் பாக்ஸுக்குள் என்றார். திறந்தபோது, கியரைத் தள்ளும் கவட்டை வடிவ ஃபோர்க்கின் நுனி தேய்ந்திருந்தது. கியர் முழு ஆழம் பொருந்தாமல் அதன் பக்கவாட்டுப் பற்களும் மழுங்கியிருந்தன.

“ஹஜ்ரத், தறி மிதிக்கிற மாதிரி கியர் மேலேயே காலை வெச்சு ஓட்டுவீங்களோ?”

ஆம். பதினைந்தாண்டுப் பழக்கம். நமது காலின் பாரமே அந்த ஃபோர்க்கைச் சுழலும் கியரோடு ஓயாமல் உரசவைத்திருக்கிறது.

ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு விளக்குபவர்கள் நாம். நாம் பேசியதோ புறம்கூட அன்று, அவதூறு.

மறுநாள் பட்டறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. “அந்த நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். மூவரிடம் சொல்லியாயிற்று. நான்காமவர் சவூதிக்குத் திரும்பிவிட்டார். இன்றிரவு அவரை அழைக்க வேண்டும்.