நீண்ட கயிறு

போர்ட்டிக்சன் கடலில் எங்கள் படகின் இயந்திரம் நின்றுபோனதற்கு என் சோம்பலே காரணம். கடலுக்குச் சென்று வந்ததும் இயந்திரத்துள் நன்னீர் பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும். கழுவத் தவறினேன்; குளிர்நீர் செல்லும் வழி அடைபட்டுச் சூடேறிவிட்டது.

இழுத்துச் செல்ல வந்த மலாய் மீனவர், எங்கள் குட்டைக் கயிற்றை வேண்டாமென்று ஒதுக்கினார். தம் நீண்ட கயிற்றை எங்கள் படகின் அணியத்து, அதாவது முன்புற, வளையத்தில் கட்டி, எங்களைப் பின்னே அமரச் சொன்னார். முன்பக்கம் பாரமிருந்தால் படகு அலைக்குள் மூக்கை நுழைக்குமாம். விறைத்த கயிற்றுக்கு நேரே நிற்கவும் விடவில்லை; அறுந்தால் சாட்டையாய் அடிக்கும்! மெதுவாகவே இழுத்தார்.

என் மகனும் உடனிருந்தான். உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடந்தது.

தோட்டத்துப் பெற்றோரே, பிள்ளைகளுக்கு அங்கியை அணிவித்த பின்னரே படகில் ஏற்றுங்கள். விடியலில் மேற்கே கருமேகம் திரண்டால் சுமத்ராக் காற்று வரக்கூடும். அன்று கரையிலிருந்தே தூண்டில் போடலாம்.