ஆசிரியரைத் தேர்தல்

கற்பன யாவற்றையும் ஏட்டினின்றே கற்றுவிட இயலாது. ஏடு வழிகாட்டும், செவியும் கையும் பழகுதற்கு ஆசிரியர் வேண்டும். இசைக்கலை அத்தகையது. மேலைநாட்டு இசைக்கருவியாகிய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. அவற்றை அழுத்தினால் ஒலி எழும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அவ்வொலியை இசையாக்கி, அவையோர் உள்ளத்தை உருக்கும் ஆற்றலோ பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. ஆதலின், பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர், அதனை எங்கே பயில்வது என ஆராய வேண்டியவராகின்றனர்.

அமெரிக்க நாட்டில் அதற்குரிய இடங்கள் பல. பிலடெல்பியா நகரத்துக் கர்ட்டிஸ் இசைக்கல்லூரி 1928 முதல் மாணவரிடம் கல்விக்கட்டணம் பெறுவதில்லை. ஆயினும், அங்கே இடம் பெறுவோர் மிகச் சிலரே. இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் இசையோடு பிற துறைகளையும் கற்கலாம். நியூயார்க் நகரத்து ஜூலியார்டு இசைக்கல்லூரி 1905-இல் தோன்றிய கல்விக்கூடத்தினின்று வளர்ந்தது. உலகப் புகழ் வாய்ந்தது. பெயரையும் புகழையும் மட்டும் நோக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பியானோப் பாடத்தில் மாணவர் ஒருவர், ஆசிரியரும் ஒருவர். அவ்விருவரிடையே நிகழ்வதே கல்வி.

வான் கிளைபர்ன் என்னும் இளைஞரின் வரலாறு இதனை விளக்கும். 1934-இல் பிறந்த அவருக்கு 3 வயது முதல் பியானோ கற்பித்தவர் அவருடைய அன்னையார். அவ்வம்மையார், புகழ்பெற்ற லிஸ்டின் மாணவரிடம் பயின்றவர். 17 வயதில், 1951-இல், கிளைபர்ன் ஜூலியார்டில் சேர்ந்தார். ரோசினா லெவின் அம்மையாரிடமே கற்க விரும்பினார். 14 ஆண்டுகள் தாமே கற்பித்த மகனைப் பிறர் கையில் ஒப்படைத்தல் தாய்க்கு எளிதோ? மகனின் வளர்ச்சி கருதி அன்னையார் அதற்கு இசைந்தார். 1958-இல் மாஸ்கோவில் நடந்த முதல் சைக்கோவ்ஸ்கி இசைப்போட்டியில் கிளைபர்ன் முதற்பரிசு பெற்றார். அந்நகரத்து இசைக்கல்லூரியிலேதான், 60 ஆண்டுகட்கு முன்னர், 1898-இல், அவருடைய ஆசிரியையும் தங்கப்பதக்கம் பெற்றிருந்தார்!

எனினும், ஆசிரியரின் புகழ் ஒன்றே போதுமென்று கொள்ளுதலும் பிழையாம். நாடு நாடாகச் சென்று இசைவிருந்து அளிக்கும் கலைஞர் சிலர், கல்லூரியில் தங்கும் நாள் மிகக் குறைவு. ஆதலின், சேர விழைவோர், இயலுமாயின் முன்னரே ஒரு பாடம் கேட்டுப் பார்த்தல் நன்று. அவ்வாசிரியரின் மாணவர் பலர் வாசிப்பதையும் செவிமடுத்தல் வேண்டும். அனைவரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வாசிப்பரேல், அங்கே அவரவர் தனித்திறம் மலர இடமில்லை என்று ஐயுறலாம்.

பொருளையும் எண்ணவேண்டும். பியானோ பயின்றோருள் தனியரங்கில் வாசித்து வாழ்வோர் சிலர். பிறர்க்குக் கற்பித்தும், பாடகர்க்குத் துணையாக வாசித்தும் வாழ்வோர் பலர். ஆதலின், பெருங்கடன் பட்டுப் பெரும்பெயர் தேடுவதினும், உதவித்தொகையும் நல்லாசிரியரும் ஒருங்கே வாய்க்கும் சிறுகல்லூரியை நாடுதல் அறிவுடைமை.

நல்லாசிரியரை நிலத்திற்கும், மலைக்கும், துலாக்கோலுக்கும், மலருக்கும் ஒப்பிடும் நன்னூல். துலாக்கோல் குறையையும் நிறையையும் உள்ளவாறே காட்டும். தம் வாசிப்பின் குறையை மறையாது கூறி, அதனை நீக்கும் வழியையும் பொறுமையோடு காட்டும் ஆசிரியர் எங்குள்ளாரோ, அவ்விடமே இசை பயில்வார்க்கு ஏற்ற கல்லூரியாகும்.