விழாத மரம்

ராஜபாளையத்தில் அதைக் ‘கேரளா வாடல்’ என்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் போனால் அதற்குப் பெயர் ‘காற்றுவீழ்ச்ச’. நாம் பக்கத்து மாநிலத்தின் மேல் போட்ட பழியை அவர்கள் காற்றின் மேல் போட்டிருக்கிறார்கள். தென்னைக்கு வரும் இன்னொரு வாடல் தஞ்சாவூர் பெயரைச் சுமக்கிறது. பேச்சில் எல்லாமே ‘வாடல்’தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல, செய்ய வேண்டியதும் ஒன்றல்ல.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையைப் பார்த்தபடி மாமாவுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. போன வருடம் அதில் சில மரங்கள் சோர்ந்தபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் வேரில் மருந்து கட்டச் சொன்னார்கள். அது தஞ்சாவூர் வாடலுக்கான வைத்தியம். அந்த நோய் கானோடெர்மா என்ற பூஞ்சையால் வருவது. வேர் அழுகும், தூரில் பழுப்பு நீர் வடியும், கடைசியில் மரம் செத்துப்போகும். அதற்கு வழிகள் உண்டு. ஹெக்சகோனசோல் கரைசலை 3 மாதத்துக்கு ஒருமுறை வேரில் கட்டலாம். தூரைச் சுற்றி போர்டோ கலவை ஊற்றலாம். வேப்பம் புண்ணாக்கும் ட்ரைக்கோடெர்மாவும் வைக்கலாம். நோய் மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி மற்ற மரங்களைக் காக்கலாம்.

மாமாவின் மரங்களில் தூர் சுத்தமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. ஓலைகள் உள்பக்கமாக வளைந்து, பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு மாதிரித் தொங்கின. மட்டைகளில் மஞ்சள், ஓலை ஓரங்களில் கருகல். குரும்பை கொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் கேரளா வாடல். கட்டுவதற்கு மருந்து கிடையாது.

என் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு: பக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த நோயின் வரலாறு அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது. 1882இல் ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஈராற்றுப்பேட்டைப் பக்கம் இதை முதலில் கவனித்தார்கள். பூஞ்சை, பாக்டீரியா, நூற்புழு, வைரஸ், மண்ணில் சத்துக்குறை என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். காயங்குளத்தில் 1947இல் ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. 1980களில்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குற்றவாளி சிக்கியது: பைட்டோபிளாஸ்மா. செல்சுவர்கூட இல்லாத நுண்ணுயிர். மரம் தன் சர்க்கரையைக் கடத்தும் குழாய்களுக்குள் குடியிருப்பது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் ஒரு மரத்தில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகின்றன.

கண்டுபிடிக்க 100 வருடம். கண்டுபிடித்த பிறகும் மருந்து இல்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்தை மரத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் தேறும், நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். தேங்காய்க்குள் போகும் மருந்தை யார் குடிப்பது என்ற கேள்வி வேறு. 1984 வாக்கில் கேரளத்தில் எடுத்த கணக்கெடுப்பில் வருட இழப்பு 96.8 கோடி காய் என்று வந்தது. பிறகு கன்னியாகுமரி, செங்கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கு, பொள்ளாச்சி என்று நம் பக்கம் இறங்கியது.

இந்த நோயின் தந்திரம் அது கொல்லாமல் இருப்பதுதான். தஞ்சாவூர் வாடல் வந்த மரம் விழும், தானாகவே முடிவு எடுத்துக்கொடுத்துவிடும். இது விழாது. வருடக்கணக்கில் நிற்கும். 100 காய் காய்த்த இடத்தில் 60, பிறகு 30. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் குறையும். முழுசாக நின்றுபோகாது.

வருடத்துக்கு 10 காய்க்கும் கீழே போன மரத்தை அப்புறப்படுத்துங்கள் என்பது பரிந்துரை. லேசாக வாடிய மரத்துக்குத் தொழு உரம், பொட்டாஷ், மக்னீசியம் சல்பேட் வைத்து, வட்டப்பாத்தியில் சணப்பையோ தக்கைப்பூண்டோ போட்டு மடக்கினால் காய்ப்பு ஓரளவு தேறும், நோய் போகாது. மாமாவிடம் இதைச் சொன்னேன்.

“செத்துத் தொலைஞ்சா வெட்டிரலாம் மாப்ள. இது இன்னும் காச்சிக்கிட்டுல்ல இருக்கு. இருவது காய்னாலும் காய்தான?”

“அந்த இருவது காய்க்காக நிக்கிற மரத்துல இருந்துதான் மாமா பூச்சி பக்கத்து மரத்துக்குப் போகுது.”

“பக்கத்துத் தோப்புக்காரர் வெட்டட்டும், நானும் வெட்டுறேன்.”

இந்த வாக்கியத்தில்தான் நோய் வாழ்கிறது என்று தோன்றியது. தவறாக எதுவும் சொல்லவில்லை அவர். வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் வெட்டினால் நஷ்டம் இவருக்கு, நோய் எப்படியும் வரும். நெட்டை ரகம் வைத்தால் காய்க்க 6, 7 வருடம் ஆகும், குட்டை என்றாலும் 3, 4 வருடம். அவருக்கு வயது 68. மரம் வெட்டக் கூலி, கன்றுக்குக் காசு, நடுவில் வருமானமில்லாத வருடங்கள். ஒரு தோப்பின் நோயை ஒரு ஆள் தீர்க்கச் சொல்லும் கணக்கு இது. ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்து, ஒரே பருவத்தில், இழப்பீடு கையில் வைத்துக்கொண்டு செய்தால் மட்டுமே அர்த்தமுள்ள வேலை.

காயங்குளத்துக்காரர்கள் ஒரு கட்டத்தில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நோய் மரத்தைக் குணமாக்குவது எப்படி என்பதை விட்டுவிட்டு, நோய்க் காட்டின் நடுவே வாடாமல் நிற்கும் மரங்களைத் தேடினார்கள். அவற்றை எலைசா சோதனை செய்து, தாய்மரமாக்கி, கன்று எடுத்தார்கள். கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா என்ற ரகங்கள் அப்படி வந்தவை. இதுவும் நிரந்தரமல்ல. ஜமைக்காவில் வேறொரு பைட்டோபிளாஸ்மா தென்னைகளை அழித்தபோது ‘மேபான்’ என்ற கலப்பினத்தை எங்கும் நட்டார்கள். பிற்காலத்தில் அதுவும் கூட்டமாகச் செத்தது. ஒரே ரகத்தை நம்பித் தோப்பை நிரப்பக் கூடாது என்று அங்கே விலை கொடுத்துப் படித்த பாடம்.

மாமா இதுவரை 4 மரம் வெட்டியிருக்கிறார். அவற்றுக்கு நடுவே, மேற்கு மூலையில், ஒரு பச்சைக் குட்டை எந்த வாட்டமும் இல்லாமல் நிற்கிறது. அது நோயைத் தாங்குகிறதா, இதுவரை பூச்சியிடம் தப்பித்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதன் காயை மட்டும் இந்த முறை வியாபாரிக்குப் போடாமல், நாற்றுக்கு வைத்திருக்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர் வந்து, எனக்கும் 2 கன்று வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.