குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

தியானப் பகுதி: நியாயாதிபதிகள் 3:20-25; எண்ணாகமம் 9:15-23



அக்கினி நட்சத்திர நாட்களில் நம் புதுக்கோட்டையின் செம்மண்ணும் பாறைகளும் அனலைக் கக்கும்போது, ஏசி வண்டியில் ஓர் இடம் கிடைத்தால் தேவனுக்கு நன்றி சொல்லி ஏறுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் குளிர்ச்சி எப்படி வருகிறது என்று நாம் கேட்பதில்லை.

படப்பிடிப்புக்குச் செல்லும் கேரவன் வண்டிகளை நம் சாலைகளிலும் பார்த்திருப்பீர்கள். அது சக்கரங்களின்மேல் நகரும் ஒரு வீடு. அதில் குளிரூட்டும் ஏற்பாடுகள் இரண்டு உண்டு. ஓட்டுநர் பகுதியின் ஏசி பெரும்பாலும் எஞ்சினால் இயங்கும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். தங்கும் பகுதியின் ஏசிக்கோ வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். இல்லையேல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். குளிர்தேசத்து வண்டிகளில் காஸை எரித்து வெப்பமூட்டும் கருவியும் இருக்கும்.

இவற்றை ஆளுவது சுவரில் உள்ள ஒரு சிறு கருவி. நாம் 24 என்று வைத்தால், அறை அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் அது இயந்திரத்தை நிறுத்தும். சூடு ஏறினால் மறுபடியும் இயக்கும். அதற்குத் தெரிந்தது சூடும் குளிரும் மட்டுமே. உள்ளே உள்ள காற்று சுவாசிக்கத் தக்கதா என்பதை அது அறியாது.

2024 டிசம்பரில், கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் மரித்துக் கிடந்தனர். ஜெனரேட்டரின் புகை உள்ளே கசிந்ததும், அதிலிருந்த கார்பன் மோனாக்சைடு அவர்களைக் கொன்றதும் ஆய்வில் வெளிப்பட்டது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மலைப்பகுதிகளில் குளிருக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்து உறங்கி உயிரிழந்தோரின் செய்திகளையும் வாசித்திருக்கிறோம். தேடிய சுகம் கிடைத்தது. அதைத் தந்த நெருப்பே உயிரையும் வாங்கியது.

மோவாபின் ராஜா எக்லோனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கும் குளிர்ச்சியான ஓர் அறை இருந்தது. கதவுகள் பூட்டியிருக்கக் கண்ட ஊழியக்காரர், ராஜா உள்ளே மலஜலாதிக்கு இருக்கிறான் என்று எண்ணி வெகுநேரம் காத்திருந்தார்கள். திறந்தபோதோ அவன் தரையில் செத்துக் கிடந்தான். வெளியே நிற்பவர்களுக்குக் குளிர்ந்த அறையும் கல்லறையும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

பிரியமானவர்களே, நம் வாழ்க்கையின் சுகங்களையும் நாம் இப்படித்தான் அளக்கிறோம். வீட்டில் சண்டை இல்லை. ஆனால் அந்த அமைதி மன்னிப்பினால் வந்ததா, அல்லது ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டதால் வந்ததா? கையில் பணம் புரளுகிறது. அது நம் உழைப்பின் பலனா, அல்லது ஏழை ஒருவன் கட்டும் மீட்டர் வட்டியா? மனம் உறுத்தவில்லை என்பது போதாது. பழகிப்போன மனசாட்சியும் அந்தச் சுவர்க்கருவியைப் போன்றதே: சுகத்தை அளக்கும், நஞ்சை உணராது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலரும் நகரும் வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். பகலில் மேகமும் இரவில் அக்கினியும் அவர்களோடிருந்தன. அந்த மேகத்தைக் கர்த்தர் தம் ஜனத்துக்கு மறைவாக விரித்ததாக 105ஆம் சங்கீதம் நினைவுகூருகிறது. அதைக் கூட்டவும் குறைக்கவும் அவர்கள் கையில் திருகு எதுவும் இல்லை. அது தங்கினால் தங்கினார்கள். எழும்பினால், கூடாரம் எவ்வளவு வசதியாயிருந்தாலும் புறப்பட்டார்கள். அந்த நிழலுக்குள் நஞ்சு இருந்ததில்லை; ஏனெனில் அது கர்த்தரின் பிரசன்னத்திலிருந்து வந்தது.

இந்த வாரம் உங்கள் சுகங்களில் ஒன்றை எடுத்து, இது எங்கிருந்து வருகிறது என்று கர்த்தருடைய சமுகத்தில் கேளுங்கள். கல்யாண மண்டபத்து வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஏசியில் உறங்கும் ஓட்டுநரைக் கண்டால், தயங்காமல் தட்டி எழுப்புங்கள். அதுவும் ஊழியமே.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அறியாத நஞ்சை எங்களுக்குக் காட்டும். உம்மிடமிருந்து வராத சுகத்தை விட்டு வெளியேற எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.