திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சனிக்கிழமை

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால் திருநெல்வேலிச் சந்தி வரும். ஊரவர் வாயில் அது 'தின்னவேலி'. சந்தியை அண்டியே நல்லூர் பிரதேச சபையின் மரக்கறிச் சந்தை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போகலாம். இருந்தும், கடைச் சாப்பாட்டோடு காலம் கழிக்கும் எங்களைப் போன்ற மாணவிகளுக்கு அதற்குள் போகும் தேவை அநேகமாக வருவதில்லை.

நான் விசுவமடுவைச் சேர்ந்தவள். முதலாம் வருடம் படிக்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டு அன்ரி ஒரு சனிக்கிழமை காலை, "பிள்ளை, பை தூக்க வாறியோ?" என்று கேட்டார். அப்படித்தான் முதன்முறையாக அங்கே போனேன்.

வாசலிலேயே சைக்கிள்களும் லான்ட்மாஸ்ரர்களும் நெருக்கியடித்து நின்றன. கோப்பாய், உரும்பிராய், கோண்டாவில், இணுவில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கத்தரிக்காய், பயிற்றங்காய், புடலங்காய், பீற்றூட், மரவள்ளி எல்லாம் வந்து இறங்கின. நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலைகள் தனியாக அடுக்கப்பட்டிருந்தன. தம்புள்ளைப் பக்கமிருந்து லொறியில் வந்த லீக்ஸும் கரட்டும் இன்னொரு புறம் குவிந்திருந்தன.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் இவ்வளவும் விளைவது கிணற்றுத் தண்ணீரால்தான். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை இறைத்து, செம்மண்ணில் பாத்தி கட்டிப் பாய்ச்சுகிறார்கள். 1970 இலிருந்து 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது வெங்காயமும் மிளகாயும் இங்குள்ள விவசாயிகளுக்கு நல்ல வருமானம் தந்தன. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை நிலைக்கவில்லை. பிறகு போர் வந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதுமே தோட்டத்தை விட்டு நடந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது விளைந்ததைத் தெற்கே அனுப்ப வழியில்லாமல் போனது. இத்தனைக்கும் பிறகும் இந்த மண்ணில் கிணறு இறைக்கிறார்கள், பாத்தி கட்டுகிறார்கள்.

உள்ளே ஓர் ஓரத்தில் சாக்கு விரித்துப் பெண்கள் சிலர் இருந்தார்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, கொஞ்சம் தேசிக்காய், ஒரு கடகத்தில் ஒடியல். எல்லாம் வீட்டு வளவிலேயே கிடைக்கும் பொருட்கள். அவர்களிடம் தராசு இல்லை. கீரையைப் பிடியாகவும் தேசிக்காயைக் கூறாகவும் விற்றார்கள்.

"ஏன் ஆச்சி, நிறுத்து விக்கிறேல்லையோ?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"நிறுக்கப் போனால் கழிவெல்லோ பிள்ளை" என்றார்.

கழிவு என்றால் என்னவென்று அன்ரிதான் விளங்கப்படுத்தினார். குடாநாட்டுச் சந்தைகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்து வந்த வழக்கம் அது. விவசாயி மொத்த வியாபாரியிடம் 100 கிலோ கொடுத்தால் 10 கிலோ கழிவென்று குறைக்கப்படும். 90 கிலோவுக்கே காசு. அழுகல், ஈரம், தூசி என்று காரணம் சொல்லப்படும். நல்ல காய்க்கும் அதே கணக்குத்தான். இதை நிறுத்தச் சொல்லி விவசாயிகள் பல தடவை குரல் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. 2009 இல் அப்பாவை இழந்த பிறகு எங்களை வளர்த்தது வளவில் நின்ற கத்தரியும் பயற்றையுமே. வாரம் ஒருமுறை வியாபாரி ஒருவர் படலைக்கு வந்து, தன் தூக்குத் தராசில் தானே நிறுத்து, தானே விலை சொல்லி எடுத்துப் போவார். 40 கிலோவில் பத்தில் ஒன்று போனால் 4 கிலோ. அது எங்கள் வீட்டின் பல நாள் கறி. அம்மா ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வாரம் அவர் வராமல் விடுவார் என்ற பயம்.

ஆச்சியிடம் இரண்டு பிடி வல்லாரை வாங்கினேன். "காலமை ஆய்ஞ்சது, வாடாது" என்றார். தானும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்தே வருவதாகவும், ஒருவர் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசை மூவர் பங்கிடுவதாகவும் சொன்னார். ஒருவருக்கு வர முடியாவிட்டால் மற்றவர்கள் அவருடைய கீரையையும் விற்றுக் காசைக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்.

வளவில் மரக்கறி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் அங்கே கண்டதைச் சொல்கிறேன். கீரை, தேசிக்காய் போன்றவற்றைப் பிடியாகவும் கூறாகவும் நேரே விற்கப் பாருங்கள். மொத்தமாகக் கொடுப்பதானால் முதலில் வீட்டில் நிறுத்து எழுதி வையுங்கள். வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசு வருடந்தோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும். இதற்கு 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முத்திரையைக் காட்டும்படி கேட்பது சண்டை பிடிப்பதல்ல. தனியே கேட்கத் தயக்கமென்றால் இரண்டு மூன்று பேராக நின்று கேளுங்கள்.

அன்றிரவே தொலைபேசியில் அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அக்காமார் இருவரோடு சேர்ந்து அவர் ஒரு தராசு வாங்கினார். வியாபாரி இப்போதும் படலைக்கு வருகிறார். அவர் வரும்போது மூன்று வீட்டுக் காயும் நிறுத்து, கொப்பியில் எழுதி, தயாராக இருக்கிறது.