இரண்டு மாத்திரை

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்து மெடிக்கல் ஷாப். மழைக்கு ஒதுங்கி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

நகக்கண்ணில் களிமண் வெள்ளையாய்க் காய்ந்திருக்க ஒருவர் வருகிறார். பீங்கான் பொம்மைப் பட்டறை ஆள். காதில் போன். "சூளையத் தொறந்துடாதப்பா. முழுசா ஆறட்டும். அவசரப்பட்டா அத்தனையும் விரிசல் உட்டுடும்."

போனை வைத்துவிட்டு, "அண்ணே, நேத்து குடுத்த மாத்திரையில இன்னும் ரெண்டு குடுங்க. காய்ச்சல் உட்டுடுச்சு, தொண்டதான் கரகரங்குது."

"சீட்டு?"

"நேத்து மட்டும் கேட்டீங்களாண்ணே?"

கத்தரிக்கோல் வெளியே வருகிறது. செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் அட்டை. பத்தில் இரண்டு நேற்றே போயிருக்கிறது. இன்றைய வெட்டு, சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கைக்குக் குறுக்கே விழுகிறது. இந்த மருந்து 2014 மார்ச் 1 முதல் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டும். வாங்கியவர் பெயரைத் தனி நோட்டில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோட்டு இருக்கத்தான் செய்கிறது, குளுக்கோஸ் டப்பாக்களுக்கு அடியில். கடைக்காரரைத் திட்டவும் மனசு வரவில்லை. டாக்டர் ஃபீஸும் முழு அட்டையும் சேர்ந்தால் அந்த மனிதருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

என் பக்கத்தில் ஒரு அம்மா. மடியில் புதுச்சேரியில் எடுத்த யூரின் கல்ச்சர் ரிப்போர்ட், மாமனாருடையது. ஈ.கோலை. இடப்பக்கம் மருந்துப் பெயர்கள், வலப்பக்கம் ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படும். 'ஆர்' என்றால் கட்டுப்படாது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். செஃபிக்சிமுக்கு எதிரேயும் ஆர். மிஞ்சிய எஸ் மூன்றும் ஊசி மருந்துகள். அதில் ஒன்று மெரோபெனம்.

அதையும் தின்று செரிக்கும் கிருமி உண்டு. 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, என்டிஎம்-1 என்ற நொதியைச் சுமந்த 44 கிருமி மாதிரிகளைச் சென்னையில் மட்டும் கணக்குக் காட்டியது. ஆய்வாளர் வரிசையில் முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். அப்போது சண்டையெல்லாம் அந்த நொதியின் பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றித்தான் நடந்தது.

"வாய்வழியா குடுக்குற மாத்திர ஒண்ணும் இல்லீங்களா?" என்கிறார் அந்த அம்மா. கடைக்காரர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

பட்டறைக்காரர் இரண்டு மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மழையிலேயே வண்டியைக் கிளப்புகிறார். எக்ஸ்பயரி தேதி அவர் துண்டோடு போய்விட்டது. மீதி ஆறு டிராயருக்குள் விழுகிறது. உள்ளே ஏற்கெனவே ஒன்றும் மூன்றுமாய் வெட்டிய துண்டுகள்.